வெயில் தாங்கிய டெலிபோன் எக்சேஞ்ச்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும், புழுதி பறக்கும். இப்படிப்பட்ட ஊர்களுக்கு டெலிபோன் வந்த கதை சுவையானது.

1980களில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் வந்த மின்னணு எக்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறை தேவைப்பட்டது. கரண்டே நிலையில்லாத கிராமத்தில் ஏ.சி.க்கு எங்கே போவது? கருவி சூடேறிப் பழுதானால் ஊரே ஊமைதான். சாவுச் செய்தி சொல்லக்கூட ஆள் பஸ் ஏற வேண்டும்.

இதற்கு விடை காண 1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கியது. முன்னின்றவர் சாம் பிட்ரோடா. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்பது திட்டம். அங்கிருந்த இளம் பொறியாளர்கள் ஏ.சி. கேட்கவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடி, இயல்பான காற்றிலேயே சூடு தணியும் கருவியை வடிவமைத்தார்கள். 128 போர்ட் கொண்ட முதல் கிராம எக்சேஞ்ச் 1986இல் கர்நாடக மாநிலம் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. அதன் உள்ளே எல்லாம் கார்டுகள். ஒன்று பழுதானால் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும்.

அடிக்கடி கெடும் கருவியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிட, அது ஏன் கெடுகிறது என்று பார்ப்பதே லாபம். கிராமங்களில் மணி ஒலித்தது அப்படித்தான்.