மலைகளுக்கு இடையே கிடக்கும் நிலம்

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். எதிர்ப்பு வலுத்தபின், டிசம்பர் 24 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்தது: பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 2022இல் அவ்வாறு அறிவிக்கப்பட்ட நிலம் 193.42 ஹெக்டேர்தான், தமிழ்நாட்டின் முதல் தலம் அது. மக்கள் அந்த யோசனையை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையின் தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அவர்கள் மறுத்தது முற்றிலும் சரி. நம் சட்டங்கள் புள்ளிகளைக் காக்கின்றன. புள்ளிகளை இணைக்கும் கோடுகளைக் கைவிடுகின்றன. தொல்லியல் துறை சமணத் துறவிகள் தங்கிய குகையைக் காக்கிறது, பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒரு வரையறுத்த பரப்பைக் காக்கிறது. குகைக்குப் போகும் வழிக்கு எந்தக் காவலும் இல்லை. மேலூர் அருகே கீழவளவுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். அங்குள்ள பஞ்சபாண்டவர் மலையில் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. சுற்றியிருந்த பாறைகளில் பல கிரானைட் பாளங்களாக லாரியேறிப் போய்விட்டன.

அரிட்டாபட்டியில் காலையில் கண்மாய்க் கரையேறி நடந்தால் இந்தப் பிணைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாறைச் சரிவில் விழும் மழை சுனையில் தங்குகிறது, மிஞ்சியது ஓடையாகிக் கண்மாய்க்கு இறங்குகிறது. ஓடையை ஒட்டியே ஒற்றையடிப் பாதை; அதே தடத்தில் ஆடுகளும் போகின்றன. குகை முகப்பில், மழைநீர் உள்ளே வடியாதபடி பாறையில் காடி வெட்டியிருக்கிறார்கள். அதையொட்டித் தமிழி எழுத்துகள். துறவி படுத்த இடமும், அவருக்குச் சோறு வந்த வழியும், ஊருக்குத் தண்ணீர் போகும் வழியும் ஒரே நிலத்தில்தான் கிடக்கின்றன.

இந்தச் சமவெளியின் வழிகள் இலக்கியத்திலும் பதிவானவை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், கொடும்பை நெடுங்குளக் கரையிலிருந்து மதுரைக்குப் பிரியும் மூன்று வழிகளைக் கோவலனுக்கு விரித்துரைக்கிறான். இடப்பக்க வழி திருமால்குன்றத்தை, அதாவது அழகர்மலையை, ஒட்டி வருகிறது. அதை வெறும் வருணனையாகப் படிப்பது போதாது என்றே நினைக்கிறேன். எங்கே வயல், எங்கே காடு, எங்கே சுனை என்று நடப்பவனுக்குத் தேவையான விவரம் அதில் நிறைந்திருக்கிறது.

இன்றைய வருவாய்ப் பதிவேட்டில் இவ்வழிகளும் அவற்றை ஒட்டிய நிலங்களும் வண்டிப்பாதை, ஓடை, மேய்ச்சல் தரை, மந்தை என்ற பெயர்களில் புறம்போக்காகக் கிடக்கின்றன. வரி வராத நிலம் என்ற பொருளுடைய சொல், யாருக்கும் வேண்டாத நிலம் என்றாகிவிட்டது. கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு மக்களிடமே ஒப்படைக்க 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் பாதை மறைவது ஆக்கிரமிப்பால் மட்டுமன்று. நடக்க ஆளில்லாத பாதையில் முதலில் கருவேலம் முளைக்கும், பிறகு கம்பிவேலி வரும்.

இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொது நடைவழிகளை உள்ளாட்சிகள் வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. பதிவான வழி தனியார் வயலுக்குள் போனாலும் நடப்பவர் உரிமை நிற்கும். நமக்குப் புதிதாகப் படம் வரையும் வேலைகூடக் குறைவு. வருவாய்த் துறையின் புலப்படத்தில் பல வழிகள் ஏற்கெனவே கோடுகளாக இருக்கின்றன.

இப்பாதைகளையும் நடைவழி என்று அறிவித்தால் கூட்டம் வரும், பாறையில் பெயர் கிறுக்குவார்கள், பிளாஸ்டிக் சேரும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மதுரையருகே யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை நரசிங்கம் மக்கள் எதிர்த்து நிறுத்திய 2010ஆம் ஆண்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடை என்ற நடைக்குழுவைத் தொடங்கினார். அன்றுமுதல் குடும்பம் குடும்பமாக இக்குன்றுகளுக்கு நடந்தவர்கள், குன்று குறைந்தால் கேள்வி கேட்பவர்களாக ஆனார்கள்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு அரிட்டாபட்டியிலேயே பழைய முன்மாதிரி உண்டு. சமண முனிவர் அச்சணந்தி செய்வித்த மகாவீரர் திருமேனியின் வட்டெழுத்துக் கல்வெட்டு, அதன் காவலைப் பாதிரிக்குடி ஊராரான பாதிரிக்குடியாரிடம் விடுகிறது. ஊர்தான் காவல். அந்த மரபின்படி தொடங்குவதென்றால், யானைமலையிலிருந்து மாங்குளம், அரிட்டாபட்டி வழியே அழகர்மலை வரை கிராமசபையாரும் வருவாய்த் துறையினரும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சேர்ந்து நடக்கட்டும்; எஞ்சிய வழிகளை எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றட்டும்.