துண்டுத் துணியும் ஒரு பெயரும்: இங்கிலாந்துத் தையல் பையின் வரலாறு

ஊசி, நூல், கத்தரிக்கோல், விரலுறை ஆகியவற்றை ஓரிடத்தில் போட்டு, போகுமிடமெல்லாம் எடுத்துச் செல்லத் தைத்துக்கொள்ளும் துணிப்பையே தையல் பை. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அது சீமாட்டி முதல் வேலைக்காரப் பெண் வரை பலரிடமும் இருந்தது. அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, வாய்ப்புறத்தில் கயிறு கோத்த சுருக்குப் பை. அதை 'வொர்க்பேக்' என்றார்கள். மற்றொன்று, நீண்ட துணிப்பட்டையில் சிறுசிறு உறைகளை வரிசையாகத் தைத்து, பாயைப் போலச் சுருட்டி, நாடாவால் கட்டிவைப்பது. அதன் பெயர் 'ஹவுஸ்வைஃப்'. பேச்சுவழக்கில் தேய்ந்து 'ஹசிஃப்' ஆயிற்று. சுருட்டும் உறையைச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொள்வதும் உண்டு.

பெரிய உடை தைத்தபின் மிஞ்சிய துண்டுகளே பெரும்பாலும் இந்தப் பைகளாயின. துண்டுகளை ஒட்டித் தைக்கும் கலையான ஒட்டுத்தையலுக்கு ஆங்கிலத்தில் 'பேட்ச்வொர்க்' என்று பெயர். கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது ஓட்டையை மறைக்கும் வேலை. பேட்ச்வொர்க்கோ துண்டுகளிலிருந்தே புதிய துணி ஒன்றை உண்டாக்கும் வேலை.

இடுப்பிலிருந்து கைக்கு

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்களின் உடையில் பை தைக்கப்படுவதில்லை. பேரிக்காய் வடிவப் பைகளை ஒரு நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கைவிட்டு, வேண்டியதை எடுப்பார்கள். சாவி, நாணயம், ஊசிக்கூடு, விரலுறை எல்லாம் அதற்குள் இருக்கும். இவற்றில் பல, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்தவை.

1790-களில் உடைப்பாணி மாறியது. மெல்லிய மஸ்லினில் உடலோடு ஒட்டி விழும் நீள உடைகள் வந்தன. அவற்றின் அடியில் பையைக் கட்டினால் புடைப்பாகத் தெரியும். எனவே நாகரிக வட்டத்துப் பெண்கள் கையில் சிறு பையைத் தொங்கவிட்டுக்கொண்டனர். விருந்தினர் வீட்டுக்குப் போகும்போது தையல் வேலையையும் உடன் கொண்டுபோவது அக்காலப் பழக்கம். ஆகவே தையல் பை பிறர் பார்வைக்கு வந்தது; அதன் தோற்றத்திலும் அக்கறை கூடியது. இடுப்பில் கட்டும் பை உடனே மறைந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டு நெடுகிலும் பலர் அதைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, திருமணமான பெண்ணின் கைப்பொருள் கணவனுக்கே உரியது. 1870-இலும் 1882-இலும் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டங்களே அந்த நிலையைப் படிப்படியாக மாற்றின. அதுவரை, சட்டம் என்ன சொன்னாலும், வழக்கத்தில் ஒரு பெண் 'என்னுடையது' என்று வைத்துக்கொண்ட சொற்ப இடங்களுள் இந்தப் பையும் ஒன்று. துணியைத் தேர்ந்தது, வடிவத்தை முடிவு செய்தது, பெயரைப் பொறித்தது எல்லாம் அவளே.

கடல் கடந்து வந்த சீட்டி

ஆங்கில ஒட்டுத்தையலுக்கு வண்ணம் கொடுத்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, மசூலிப்பட்டினம், சென்னை முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சாயமிட்ட பருத்தித் துணிகளை ஏற்றிச் சென்றது. எழுதுகோலால் வரைந்தும் அச்சுக்கட்டையால் பதித்தும் பூவேலை செய்த சீட்டித் துணிகள் லண்டனில் பெரும் மோகத்தைக் கிளப்பின. சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பு, படிகாரத்தின் துணையால் நூலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. அப்படி ஒரு பருத்திச் சாயம் அப்போது ஐரோப்பியத் தொழிலாளர்களுக்குக் கைவரவில்லை.

இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்த்தனர். விளைவாக, அச்சிட்ட இந்தியப் பருத்தியை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதை 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1721-இல் வந்த இரண்டாவது சட்டம், அச்சிட்ட பருத்தி பலவற்றை உடுத்துவதையே குற்றமாக்கியது. அந்தத் தடை 1774-இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் கையிருப்புச் சீட்டி அருமையாகிவிட்டது. பழைய கவுனிலிருந்து வெட்டிய ஒரு சாண் துணியும் எறியத் தகாத பொருளாயிற்று. முழு உடைக்குப் போதாத துண்டு ஒரு பைக்கும் உறைக்கும் போதும். தடை நீங்கியபின் லங்காஷயர் ஆலைகள் அச்சிட்ட பருத்தியைப் பெருமளவில் விற்கத் தொடங்கின. அப்போது துண்டுகளின் வகையும் பெருகியது. 1780-களுக்குப் பிறகு பருத்தி ஒட்டுத்தையல் வீடுதோறும் பரவியது.

காகித அச்சும் ஊசியும்

ஆங்கில முறையின் அடையாளம் காகித அச்சு. அறுகோணம், சாய்சதுரம், சதுரம் என வேண்டிய வடிவில் ஒரே அளவாகக் காகிதங்களை வெட்டிக்கொள்வார்கள். ஒவ்வொன்றின்மேலும் சுற்றிலும் கால் அங்குலம் ஓரம் விட்டுத் துணியை வெட்டி, ஓரத்தைக் காகிதத்தின் பின்பக்கம் மடித்து, நீண்ட ஓட்டுத் தையலால் பிடிப்பார்கள். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பை மட்டும் நெருக்கமாகச் சுற்றித் தைப்பார்கள். எல்லாப் பக்கமும் இணைந்தபின் ஓட்டுத் தையலைப் பிரித்துக் காகிதத்தை உருவிவிடலாம். துணி நெகிழ்ந்தாலும் காகிதம் நெகிழாது. அதனால் மூலைகள் பிசகாமல் கூடின.

காகிதம் விலை கூடிய காலம் என்பதால், பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் பள்ளிக் கையெழுத்துத் தாள்களும் அச்சாக மாறின. சில வேலைகளில் அவை உருவப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. இன்று அருங்காட்சியகத்தார் அவற்றின் வரிகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறார்கள். அமெரிக்காவில் 'கோடிஸ் லேடீஸ் புக்' என்ற மாத இதழ் 1835-இல் தேன்கூட்டு வடிவ அறுகோண ஒட்டுத்தையலைத் தன் வாசகர்களுக்கு விளக்கியது.

பையின் வடிவமைப்பு, துண்டுகளை வெளிச்சம், இருள் எனப் பிரித்து அடுக்குவதில் தொடங்கும். ஒரே அறுகோணத் துண்டுகள்தாம். நடுவில் ஒரு நிறமும் சுற்றிலும் ஆறு துண்டுகளில் வேறு நிறமும் வைத்தால் பூ, நிறங்களைச் சாய்வாக வரிசைப்படுத்தினால் மின்னல் கோடு. முகப்பு முடிந்ததும் உள்துணி கொடுப்பார்கள். அது பின்பக்கத்துத் தையல் ஓரங்களை மறைக்கும். ஊசி சிக்காமலும் காக்கும். வாய்ப்புறத்தில் குழல்போல் மடித்துத் தைத்து, இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து செலுத்துவார்கள். இரண்டையும் இழுத்தால் வாய் சீராகச் சுருங்கும். ஹசிஃப்பில் ஊசி குத்திவைக்கக் கம்பளித் துணியால் சில இதழ்கள் இருக்கும்.

குறியிடும் தையல்

பையில் பெயர் எழுதுவது முதலில் அலங்காரத்துக்காக அல்ல. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பு, உள்ளாடை, துண்டு எல்லாம் ஒன்றாகச் சலவைக்குப் போகும். எது யாருடையது என்று தெரிய, மூலையில் முதலெழுத்தையும் எண்ணையும் தைப்பது வழக்கம். பெருக்கல் குறி வடிவில் போடும் குறுக்குத் தையலுக்கே 'குறியிடும் தையல்' என்ற பெயர் வந்தது இதனால்தான். சிறுமிகள் அகரவரிசையையும் எண்களையும் ஒரு பயிற்சித் துணியில் தைத்துப் பழகினர். எழுதக் கற்காத பெண்ணுக்கும் ஊசியால் தன் முதலெழுத்துகளை இடத் தெரிந்திருந்தது. அதே கைப்பழக்கம் பைக்கும் வந்தது: இரண்டு முதலெழுத்துகள், ஓர் ஆண்டு, சில வேளை ஒரு பூ அல்லது பறவை.

அமெரிக்காவில் 1840-களில், துவைத்தாலும் அழியாத மையால் துண்டுகளில் கையெழுத்திடும் பழக்கம் பரவியது. ஊர்விட்டுப் போகிறவருக்கு நண்பர்கள் கையெழுத்திட்ட துண்டுகளை இணைத்துப் போர்வையாகக் கொடுத்தனர்.

பரிசாகத் தைத்த பைகளில் புகழ்பெற்றது ஜேன் ஆஸ்டின் தைத்தது. 1792 ஜனவரியில் தோழி மேரி லாய்ட் ஊர் மாறிச் சென்றபோது, பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஆஸ்டின், மிகச் சிறிய பையொன்றைத் தைத்துக் கொடுத்தார். அதற்குள் அதைவிடச் சிறிய ஹசிஃப். அதில் நுண்ணிய ஊசிகளும் மெல்லிய நூலும். அதிலிருந்த குட்டி உறைக்குள் ஒரு துண்டுத்தாளில் அவரே எழுதிய கவிதை. அப்போது அவருக்கு வயது 16. ஆஸ்டின் வீட்டில் ஒட்டுத்தையலும் நடந்தது. 1811-இல் அவர் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், அதற்கான துண்டுகளைச் சேர்க்க நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தாயும் இரண்டு பெண்களும் சேர்ந்து தைத்ததாகக் கருதப்படும் சாய்சதுரச் சீட்டிப் போர்வை சாட்டன் ஊரிலுள்ள அவருடைய நினைவு இல்லத்தில் இருக்கிறது.

சிறையும் கப்பலும்

இதே பை 19-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்களின் கருவியாகவும் ஆனது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃப்ரை, 1813-இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்கு முதன்முதலாகச் சென்றார். 1817-இல் சங்கம் அமைத்து அங்கே தையல் வகுப்பு தொடங்கினார். நாடுகடத்தப்படும் பெண்கள் ஆஸ்திரேலியா சேர மூன்று நான்கு மாதங்கள் கப்பலில் அடைபட்டிருக்க வேண்டும். அவர்களுக்குக் கைவேலை வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பை தரப்பட்டது. ஊசிகள், குண்டூசிகள், பல நிற நூல், விரலுறை, கத்தரிக்கோல், நாடா ஆகியவற்றோடு சுமார் இரண்டு பவுண்டு எடையுள்ள துணித்துண்டுகள் அதில் இருந்தன. பார்வை குறைந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடியும் உண்டு. துண்டுகளை லண்டனிலிருந்த மான்செஸ்டர் துணி வணிகர்கள் நன்கொடையாக அளித்தனர்.

1841 ஏப்ரலில் உல்விச்சிலிருந்து 180 பெண் கைதிகளுடன் புறப்பட்ட 'ராஜா' என்ற கப்பல் ஜூலையில் ஹோபார்ட் சேர்ந்தது. கெசையா ஹேட்டர் என்ற இளம் மேற்பார்வையாளர் உடன் சென்றார். வழியில் கைதிகள் தைத்த ஒட்டுத்தையல் விரிப்பில் 2,815 துண்டுகள் உள்ளன. ஒவ்வொரு பக்கமும் மூன்று மீட்டருக்கு மேல். விளிம்பில் குறுக்குத் தையலால், அந்தப் பைகளைத் தந்த பெண்கள் குழுவுக்கு நன்றி சொல்லும் வாசகம் இருக்கிறது. தைத்தவர்கள் தங்கள் பெயரை மட்டும் எங்கும் இடவில்லை. 1980-களில் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டு மேல்மாடத்தில் கிடைத்த அந்த விரிப்பு, 1989 முதல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

பை அரசியலும் பேசியது. 1825-இல் பர்மிங்ஹாம் அருகே வெஸ்ட் பிராம்விச்சில் லூசி டவுன்சென்ட் முதலிய பெண்கள் அடிமை முறைக்கு எதிரான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் தையல் பைகள் செய்து, அடிமைகளின் துயரை விவரிக்கும் துண்டுப் பிரசுரங்களை உள்ளே வைத்து விற்றனர். அடிமைகள் விளைவித்த பருத்தியைத் தவிர்க்க, கீழை நாட்டுத் துணிகளையும் பட்டையும் பயன்படுத்தினர். வாக்குரிமை இல்லாத பெண்கள் வீட்டு வரவேற்பறைக்குள் அந்த வாதத்தைக் கொண்டுசேர்த்தது தையல் பைதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது.

படைவீரர் கையில்

ஹசிஃப் பெண்களிடம் மட்டும் இருக்கவில்லை. போருக்குப் போகும் மகனுக்கும் கணவனுக்கும் வீட்டில் மிஞ்சிய துணிகளில் அதைத் தைத்துக் கொடுத்தனுப்புவது வழக்கம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்கள் பலர் இப்படி வந்தவற்றை வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் படை அதையே அரசுப் பொருளாக்கியது. இரண்டு உலகப் போர்களிலும் வீரனின் உடைமைப் பட்டியலில் 'ஹவுஸ்வைஃப்' என்ற பெயரிலேயே அது இடம்பெற்றது. ஆனால் அரசு கொடுத்தது நிறமோ கோலமோ இல்லாத துணி.

இயந்திரத்துக்குப் பிறகு

எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரங்கள், வீட்டுத் தையலின் பளுவைக் குறைத்தன. அன்றாடத் தேவையாக இருந்த கைத்தையல் மெல்லப் பொழுதுபோக்காகியது. 1880-களில் 'கிரேஸி' ஒட்டுத்தையல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களில் இறகுத் தையல் போட்டு, நடுவே முதலெழுத்துகளையும் பூக்களையும் பொறிப்பது அதன் முறை. மெல்லிய பட்டு என்பதால் பல இன்று நைந்துபோயுள்ளன.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்வம் குறைந்து, 1970-களில் மீண்டது. 1971-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஒட்டுத்தையல் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979-இல் பிரிட்டனில் ஒட்டுத்தையலாளர் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சுழலும் வட்டக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துண்டு வெட்டும் வேலை பலமடங்கு விரைவானது. இன்றும் கைத்தையல் பை செய்பவர்கள் காகித அச்சையும் கால் அங்குல ஓரத்தையும் மாற்றவில்லை.

பிரிட்டனின் ஒட்டுத்தையலாளர் சங்கம் 2000-இல் ஒரு பட்டு விரிப்பை வாங்கியது. அதன் உள்ளே காகித அச்சுகள் இன்னும் இருக்கின்றன. முகப்பில் 'ஈ, ஹெச்' என்ற இரண்டு எழுத்துகளும் 1718 என்ற ஆண்டும் உள்ளன. பிரிட்டனில் ஆண்டு பொறித்த ஒட்டுத்தையல்களில் மிகப் பழையது அதுவே என்று அறியச் செய்தவை அந்த நான்கு எண்கள்தாம். தையல் பை செய்பவர்கள் உள்துணியில் பெயரையும் ஆண்டையும் ஊசியால் இட்டுவைப்பது நல்லது. அதற்கு ஆகும் நேரம் கால் மணிதான்.