பேரைப் பறிகொடுத்த ஊர்: பில்ஸ்னர் பீரின் கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு பீரைப் பத்தி. ஆனா குடிக்கிறதைப் பத்தி இல்ல. ஒரு கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்ங்கிற கேள்வியைப் பத்தி.

1838. இன்றைய செக் குடியரசில், அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த பொஹிமியாவில் பில்சன்னு ஒரு ஊர். அங்க 36 பீப்பாய் பீரை டவுன் ஹால் முன்னாடி கொட்டிட்டாங்க. அவ்வளவும் கெட்டுப்போன பீர். 1295-லயே அந்த ஊர்க்காரங்களுக்கு பீர் காய்ச்சி விற்கிற உரிமையை அரசர் கொடுத்திருந்தார். அந்த உரிமை வச்சிருந்தவங்க எல்லாம் சேர்ந்து, பொதுவா ஒரு ஆலை கட்ட முடிவு பண்ணாங்க.

பக்கத்து பவேரியாவில் லாகர் பீர் காய்ச்சுறதுல கில்லாடிங்க இருந்தாங்க. லாகர்ல ஈஸ்ட் அடியில தங்கி, குளிர்ல மெதுவா வேலை செய்யும். அப்புறம் வாரக்கணக்கா குளிர்ந்த நிலவறையில் வைப்பாங்க. குளிர்ல கிருமிகள் சட்டுனு வளராது. பீர் சீக்கிரம் கெடாது. ஆனா அந்த லாகர் அடர்ந்த பழுப்பு நிறம்.

அங்கிருந்து யோசப் கிரோல்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 29. 1842 அக்டோபர் 5 அன்னிக்கு முதல் பீர் காய்ச்சினார். ஈஸ்ட்டும் முறையும் பவேரியாவுடையது. முளைகட்டிய பார்லியைப் புகை படாம, சூடான காற்றில் உலர்த்துறது இங்கிலாந்து வழி; அதனாலதான் நிறம் கறுக்கல. கசப்புக்குப் போடுற ஹாப்ஸ், பக்கத்து ஜாடெட்ஸ் ஊருடையது. பில்சன் தண்ணியில உப்புச்சத்து ரொம்பக் குறைவு. அதனால ஹாப்ஸை தாராளமா போட்டாலும் கசப்பு நாக்குல உறுத்தல. நவம்பர்ல பரிமாறினப்போ, தங்க நிறத்துல ஒரு தெளிவான பீர்!

எஞ்சினியரா பார்த்தா, இதுல தனியா எடுத்தா எந்தப் பார்ட்டும் புதுசு இல்ல. சேர்த்த விதம்தான் புதுசு. அதனாலயே யாரு வேணா காப்பி அடிக்கலாம். 1845-ல் கிரோல் ஒப்பந்தம் முடிஞ்சு ஊர் திரும்பிட்டார்.

1861-ல் பவேரியாவுக்கு ரயில் வந்தது. பீரும் ரயில் ஏறுச்சு. 1870-களில் கார்ல் வான் லிண்டேவின் குளிரூட்டும் இயந்திரம் வந்ததும், லாகருக்குப் பனிக்காலமும் ஐஸ் கட்டியும் தேவைப்படல. 1883-ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைச் சுத்தமா பிரிச்சு வளர்த்தார். அந்த முறையை கார்ல்ஸ்பெர்க் பூட்டி வைக்கல. மத்த ஆலைகளுக்கும் திறந்து விட்டது. இனி எந்த ஊர்லயும், எந்த மாசத்துலயும், ஒரே மாதிரி லாகர் காய்ச்சலாம்.

பில்சன்காரங்க 1859-லயே 'பில்ஸ்னர் பீர்'ங்கிற பேரைப் பதிவு பண்ணினாங்க. நிக்கல. 1898-ல் 'பில்ஸ்னர் உர்குவெல்', அதாவது 'பில்ஸ்னரின் ஊற்றுக்கண்'னு இன்னொரு பேர் பதிவாச்சு. 1913-ல் ஜெர்மன் நீதிமன்றமோ, பில்ஸ்னர்ங்கிறது ஊரை இல்ல, ஒரு பீர் வகையைக் குறிக்குதுன்னு சொல்லிடுச்சு.

இது அநியாயமா? செய்முறையைப் பொறுத்தவரை இல்லன்னுதான் எனக்குத் தோணுது. ஈஸ்ட்டும் உலர்த்துற முறையும் பில்சனே வெளியில இருந்து வாங்கினதுதானே. ஆனா பேர் வேற விஷயம். சரக்கு எங்கிருந்து வருதுன்னு வாங்குறவங்களுக்குச் சொல்றதே அதுதான். செய்முறையைப் பகிர்ந்துக்கிட்டு, பேரை மட்டும் அந்த ஊருக்கே விட்டிருக்கலாம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.