கலான்டமின்

கலான்டமின் என்பது அமரில்லிடேசியே குடும்பத்தைச் சேர்ந்த சில கிழங்குச் செடிகளில் கிடைக்கும் ஆல்கலாய்டு. அல்சைமர் நோயின் தொடக்கநிலையிலும் இடைநிலையிலும் நினைவுத் தடுமாற்றத்தைச் சில காலம் தணிப்பதற்காகத் தரப்படுகிறது. மறதிநோய்க்கு நல்லது என்று சொல்லப்படும் மூலிகைகள் ஏராளம். ஆனால் செடி உருவாக்கிய அதே மூலக்கூறாகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அல்சைமர் மருந்தாக ஒப்புதல் பெற்றது கலான்டமின் மட்டுமே.

கருங்கடலைச் சுற்றிய நாடுகளில் பனி உருகும் பருவத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஸ்நோடிராப் செடியே இதன் முதல் மூலம். 1950களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர்கள் காக்கேசிய ஸ்நோடிராப்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். சோவியத் மருந்தியலாளர் மஷ்கோவ்ஸ்கி இதன் மருந்தியல் செயலை ஆராய்ந்தார். பின்னர் பல்கேரியாவில் திமிதர் பாஸ்கோவ் இதை ‘நிவாலின்’ என்ற மருந்தாக்கினார். அப்போது இதற்கும் மறதிக்கும் தொடர்பே இல்லை. இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த தசைகளுக்கு வலுவூட்டவும், அறுவை சிகிச்சைக்குத் தரும் தசைத் தளர்த்தி மருந்தின் விளைவை முறிக்கவும் கிழக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினர். கிராம மக்கள் நரம்பு வலிக்கு இச்செடியை நெற்றியில் தேய்த்ததைக் கண்டே ஆய்வு தொடங்கியது என்ற கதை பல நூல்களில் உண்டு; அதற்கான எழுத்துச் சான்று மிகக் குறைவு. ஹோமரின் ‘ஒடிசி’யில் வரும் ‘மோலி’ என்ற முறிமருந்துச் செடி ஸ்நோடிராப்பாக இருக்கலாம் என்று 1983இல் இரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதினர், அது ஊகமே.

நினைவு, கவனம் ஆகியவற்றுக்கு அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி தேவை. அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் மூளைச் செல்கள் மடிந்துகொண்டே போகின்றன. சுரந்த அசிட்டைல்கோலினை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். கலான்டமின் அந்த நொதியைத் தடுப்பதால், மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் சற்றுக் கூடுதல் நேரம் வேலை செய்கிறது. அசிட்டைல்கோலினை ஏற்கும் நிக்கோட்டினிக் ஏற்பிகளின் துலங்கலையும் இது கூட்டுவதாகச் சில ஆய்வுகள் கூறின. செல்கள் மடிவதை இது நிறுத்துவதில்லை. மூளையில் படியும் அமைலாய்டு புரதத்தையும் அகற்றுவதில்லை. பலன் மிதமானது, காலப்போக்கில் தேய்வது. நோயாளியின் குடும்பத்தாரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

செடியில் இச்சேர்மம் மிகச் சிறிதளவே உள்ளது. எனவே பல்கேரியாவில் ஈரநிலத்தில் வளரும் லூக்கோயம் என்ற உறவுச் செடிக்கு மாறினர். வேல்சின் மலைப்பகுதியில் இதற்காகவே டாஃபடில் என்ற மற்றோர் உறவுச் செடி பயிரிடப்பட்டது. காட்டு ஸ்நோடிராப் இனங்களின் பன்னாட்டு வணிகம் இன்று கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேதியியலாளர்கள் பார்ட்டனும் கிர்பியும் 1962இல் ஆய்வகத்தில் இதைச் செயற்கையாகத் தொகுத்தார்கள். 1990களில் ஆஸ்திரியாவில் தொழில்முறைத் தொகுப்பு உருவானது. நோயாளிகளின் தேவையை மலர்களைக் கொண்டு மட்டும் ஈடுசெய்ய முடியாது என்பதால் இது பெரிய திருப்பம்.

அமெரிக்காவில் 2001இல் ‘ரெமினில்’ என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. நீரிழிவு மருந்தான ‘அமரில்’ உடன் பெயர் குழம்பி, மருந்து மாறித் தரப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்ததால் 2005இல் அங்கே ‘ரஸடைன்’ என மாற்றினர். வழக்கமாக நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்தி 16 முதல் 24 மில்லிகிராம் வரை தருவார்கள். குமட்டல், வாந்தி, பசியின்மை, எடைக்குறைவு ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். நாடித்துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம். லேசான அறிவுத்திறன் குறைபாடு மட்டுமே உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. மருந்து உண்ட குழுவில் இறப்பும் கூடுதலாக இருந்தது. ஆகவே சாதாரண மறதிக்கு இது மருந்தல்ல.

மறதிநோய்க்காக ஆராயப்பட்ட செடிகள் வேறும் உண்டு. நைஜீரியாவின் கலபார் அவரையில் உள்ள ஃபைசோஸ்டிக்மின் இன்னொரு வழியில் பயன்பட்டது. நச்சான அச்சேர்மத்தை முன்மாதிரியாகக் கொண்டு ரிவாஸ்டிக்மின் உருவாக்கப்பட்டது. சீனப் பாசிபோன்ற செடியிலிருந்து வந்த ஹூப்பர்சின்-ஏ சீனாவில் பயன்பாட்டில் இருந்தாலும், 2011இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் முதன்மையாகச் சோதித்த அளவில் அது பலன் தரவில்லை. ஜின்கோ இலைச் சாறு, 75 வயது கடந்த 3,069 பேரிடம் பல்லாண்டுகள் சோதிக்கப்பட்டும் மறதிநோய் வருவதைத் தடுக்கவில்லை என 2008இல் தெரியவந்தது. நம் மஞ்சளின் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே அரிது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனைகளில் பலன் காணவில்லை. தமிழ்நாட்டில் நினைவாற்றலுக்கென உண்ணும் வல்லாரைக்கும் இந்நோயில் உறுதியான மருத்துவச் சான்று இல்லை. கீரையாக உண்பதில் குறையில்லை. மருந்துக்கு மாற்றாகக் கொள்வதே தவறு.

வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். இவை சிகிச்சையால் சரியாகக்கூடியவை. வீட்டுப் பெரியவருக்கு மறதி கூடினால் லேகியமோ மாத்திரையோ வாங்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் ஏற்கெனவே உண்ணும் மூலிகைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.