கழுவெளியில் எழுந்த வீடுகள்

சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பெற்றுள்ளது. மீனும் பறவையும் எருமையும் யானையும், பூக்கொய்யும் மனிதரும் அந்த ஒரே நீரில் நிற்கின்றனர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத புதுக்கோட்டைச் சீமையினருக்கு ஏரியும் ஊருணியுமே வாழ்வு. ஆகவே, சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் நிகழ்ந்த போராட்டத்தை அயலூர்ச் செய்தியென நாம் ஒதுக்கிவிட இயலாது.

பள்ளிக்கரணைக்கு முன்னாளில் வழங்கிய பெயர் கழுவெளி. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள ஏரிகளின் மிகைநீர் அங்கு வந்து தங்கும். பின்னர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். ஆங்கிலேயரின் வருவாய்க் கணக்கோ இதனைத் தரிசு என்று எழுதிவைத்தது. வரி தராத நிலம் வீண் நிலம் என்பது அவர்கள் கண்ட நியாயம். அவர்கள் சென்ற பின்னரும் நாம் அக்கணக்கைத் திருத்தினோமில்லை. 1960-களில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு நிலம், குப்பைமேடும் அரசு நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் பெருகப் பெருக, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

2000-க்குப் பின் இதனை எதிர்த்து எழுந்தவருள் பலர், அக்கம்பக்கத்தில் தாமே வீடு கட்டிக் குடியேறியவர்கள். தம் வீடு முடிந்ததும் பிறர் வீட்டைத் தடுக்கின்றனர் என்ற ஏளனத்தில் சிறிது உண்மை உண்டு. எனினும், எரியும் குப்பையின் புகையையும் வாசலில் ஏறிய வெள்ளத்தையும் பட்டறிந்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் குரல் வீண்போகவில்லை. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. வீடற்ற ஏழைக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட எளியோருக்குச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசு கட்டித்தந்த குடியிருப்புகள், இக்கழுவெளியை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்தவை. 2015 டிசம்பர் வெள்ளம் அங்கும் புகுந்தது. ஒரு நீர்க்கரையிலிருந்து பெயர்த்து இன்னொரு நீர்க்கரையில் நட்டதற்குப் பெயர் மறுவாழ்வாம்!

2025 செப்டம்பரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் நிலத்தின் எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் ஆய்ந்து வரையறுக்கப்படும் வரை, அந்நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவிலும் கட்டுமான அனுமதி வழங்கலாகாது என்று ஆணையிட்டது. அடுத்த மாத இறுதியில், பெரும்பாக்கத்தில் எழவிருந்த தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பணிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.