மாதம் 2,000 கெஜம்

1924 ஜூன் மாதம் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் காந்தி ஒரு விசித்திரமான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காங்கிரஸில் பொறுப்பு வகிக்கிற ஒவ்வொருவரும் தினமும் அரை மணி நேரமாவது ராட்டை சுற்ற வேண்டும். மாதம் 2,000 கெஜம் நூலைக் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதவி போய்விடும். மேடையில் ஆங்கிலம் முழங்கிப் பழகிய வக்கீல்களுக்கு இது எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. மோதிலால் நேருவும் சி.ஆர்.தாஸும் ஆட்களோடு வெளிநடப்பு செய்தார்கள். தண்டனைப் பிரிவு 67க்கு 37 என்று நிறைவேறியது. ஆனால் வெளியே போனவர்கள் உள்ளே இருந்திருந்தால் தோற்றிருப்போம் என்று கணக்குப் போட்ட காந்தி, அந்தப் பிரிவைத் தானே கைவிட்டார்.

2,000 கெஜத்தை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 67 கெஜம், அதாவது 200 அடி. கைவந்தவருக்கு அரை மணி கூட ஆகாது. சிக்கல் நீளத்தில் இல்லை, தினமும் என்பதில்தான் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ் இதைச் சாதாரண உறுப்பினருக்கும் விரித்தது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்ற நூலை வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு சந்தும் வைத்தது. கொள்கையைக் கடையில் வாங்கலாம் என்றான பிறகு அது எத்தனை நாள் தாங்கும்? 1925 செப்டம்பரில் பாட்னாவில் நாலணாக் கட்டினாலும் உறுப்பினர்தான் என்று விதி தளர்ந்தது. அந்தப் பாட்னாக் கூட்டத்தில்தான் அகில இந்திய நூற்போர் சங்கமும் பிறந்தது. ஊரார் வாயில் அது சர்க்கா சங்கம். மாதம் 1,000 கெஜம் தன் கையால் நூற்றுத் தருபவர் முதல் வகுப்பு உறுப்பினர். ஆண்டுக்கு 2,000 கெஜம் தருபவர் இரண்டாம் வகுப்பு. இரு சாராருக்கும் பொதுவான நிபந்தனை, வழக்கமாகக் கதர் உடுத்த வேண்டும் என்பது. கூட்டத்துக்கு மட்டும் கதர் போட்டு வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் ‘வழக்கமாக’ என்று எழுதியிருப்பார்கள்.

இந்தச் சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைமையிடம் சென்னையில் அமையவில்லை, திருப்பூரில் அமைந்தது. காரணம் மண்ணில் கிடந்தது. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மழை பொய்த்தால் வேலை இல்லை. பரணில் கிடந்த ராட்டையை இறக்கி நூற்கத் தெரிந்த பெண்கள் கிராமந்தோறும் இருந்தார்கள். நெய்து கொடுக்கச் சென்னிமலைப் பக்கத்துத் தறிகள் இருந்தன. திருப்பூரில் பருத்திச் சந்தையும் அரவை ஆலைகளும் ரயிலும் இருந்தன. சங்கம் பஞ்சு கொடுக்கும், பெண்கள் சிட்டம் சிட்டமாக நூலைக் கொண்டுவந்து எடைபோட்டுக் காசு வாங்குவார்கள், துணி ரயிலேறும்.

ஊர்ப் பெரிய மனிதர்களில் சிலர் இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பருத்தி வணிகத்துக்காக இங்கே வேரூன்றிய குஜராத்தியர் பி.டி.ஆஷர். அவரும் மனைவி பத்மாவதி ஆஷரும் கதர் உடுத்தினார்கள், மறியலில் நின்றார்கள், சிறைக்கும் போனார்கள். திருப்பூர் வந்தால் காந்தி தங்குவது அவர்கள் வீட்டில்தான். காங்கேயம் அருகே பரஞ்சேர்வழியில் பிறந்து, வைக்கம் போராட்டத்தில் சிறை கண்ட கோவை அய்யாமுத்து பின்னாளில் சர்க்கா சங்கச் செயலாளராகத் திருப்பூரில் அமர்ந்தார்.

கதரைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்களில் ஈரோட்டு ஈ.வெ.ராமசாமியும் ஒருவர். பட்டும் நகையுமாக இருந்த வீட்டில் வயதான தாயையே கதருக்கு மாற்றியவர்; கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பில் இருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர். 1922இல் திருப்பூரில் நடந்த மாகாண காங்கிரஸ் மாநாட்டில் நாடார்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கோயில் நுழைவு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1925இல் காஞ்சிபுரத்தில் காங்கிரஸை விட்டு வெளியேறினார், பிறகு கதரையும் விட்டார். அவருடைய இயக்கத்தார் 1940களில் கறுப்புச் சட்டைக்கு மாறினார்கள். காலையில் எடுத்து மாட்டுகிற துணியே ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் கதையில் சங்கடமான இடம் நூற்ற பெண்களுடையது. நாள் முழுக்கச் சுற்றினாலும் கையில் வந்தது ஓரிரு அணா. அந்தக் காசில் அவர்கள் வாங்கிக் கட்டியது மில் புடவை. தாங்கள் நூற்ற கதர் அவர்களுக்கு எட்டாத விலை. நகரத்துக் கனவான் விரதமாக உடுத்திய துணியின் மலிவு, கிராமத்துப் பெண்ணின் கூலியிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைக் காந்தியே 1935இல் உணர்ந்து பேசினார். எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் ஆசை. விலை ஏறினால் துணி தேங்கும் என்று கிளைகள் பயந்தன. கடைசியில் கூலி கொஞ்சம் உயர்ந்தது, கூடவே நூற்பவரும் கதர் உடுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. தானாகத் தேர்ந்துகொண்ட பழக்கத்துக்கும் பிழைப்புக்காக ஏற்ற பழக்கத்துக்கும் உள்ள தூரத்தைச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் காட்டாது.

திருப்பூர் என்றதும் நினைவுக்கு வருபவர் குமரன். சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, பஞ்சாலையில் கணக்கெழுதியவர். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் உயிர் நீத்தபோது வயது 27. கீழே விழுந்தும் கொடியை விடாத அந்த நிமிடம் சிலையாகவும் தபால்தலையாகவும் ஆகிவிட்டது. அவருக்கும் அவரைப் போன்ற தேசபந்து வாலிபர் சங்கத்தாருக்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருந்தது ஆரவாரமில்லாத வேலை. கூட்டம் போடுவது, கதர் விற்பது, கள்ளுக்கடை வாசலில் நிற்பது. இதற்கெல்லாம் யார் சிலை வைப்பார்கள்?

விடுதலைக்குப் பிறகு தமிழகத்து ஏகாம்பரநாதன் வடிவமைத்த அம்பர் சர்க்கா வந்தது, ஒரே ராட்டையில் பல கதிர்கள் சுழன்றன. சர்வோதய சங்கங்கள் சர்க்கா சங்கத்தின் வேலையை எடுத்துக்கொண்டன. அதற்குள் திருப்பூர் வேறு ஊராகிக்கொண்டிருந்தது. விடுதலைக்கு முன்பே கை இயந்திரங்களோடு தொடங்கிய பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு பெருகின. 1970களின் கடைசியில் ஏற்றுமதியும் பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கதர்ச் சட்டைக்குள் தலைவர்கள் போட்டுக்கொண்டதும் திருப்பூர் மில் நூல் பனியன்தான். அதைத் தடுக்கிற விதி எதையும் யாரும் எழுதவில்லை.

மாதம் 2,000 கெஜ விதி செத்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் 2021இல் காங்கிரஸ் வெளியிட்ட உறுப்பினர் சேர்க்கைப் படிவத்திலும், வழக்கமாகக் கதர் உடுத்துபவன், மது அருந்தாதவன் என்ற உறுதிமொழி இருந்தது. அரை மணி நேர ராட்டை கேட்ட இடத்தில் அப்போது ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது.