அடுக்களைக்கு மீண்ட வறுப்புருளை

காப்பியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இருவரைப் பற்றியே எழுதுவர். ஒருவர் அதனை விளைத்தவர். மற்றொருவர் அதனைப் பருகியவர். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே அதனை வறுத்தவர். பச்சைக் காப்பிக்கொட்டைக்கு நாம் அறிந்த காப்பி மணம் கிடையாது. அதனை அப்படியே இடித்து வெந்நீரில் இட்டால் புல்லின் வாடையே எழும். வறுபட்ட பின்னரே கொட்டை காப்பியாகிறது. ஆதலின், வறுத்தவர் யார், எங்கே வறுத்தார், அத்தொழில் அவர் கையை விட்டு எவ்வாறு நீங்கிற்று என்னும் வினாக்கள் காப்பியின் வரலாற்றிற்கு இன்றியமையாதன ஆகின்றன.

நெடுங்காலம் வீட்டாரின் கைத்தொழிலாக இருந்த காப்பி வறுத்தல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல நாடுகளில் ஆலைக்குச் சென்றது. இன்று, மின்சாரத்தால் சுழலும் சிறியதோர் உருளையின் வடிவில் அது மீண்டும் சில வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. இப்போக்கையும் வரவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வறுத்தலும் பொரிதலும்

நெருப்பின் தொழிலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. நீரிலிட்டு வேகவைத்தல் அவித்தல். அனலில் நேரே காட்டுதல் சுடுதல். உலர்ந்த கலத்திலிட்டுக் கிளறுதல் வறுத்தல். வெப்பத்தால் உள்ளீடு வெடித்து விரிதல் பொரிதல். காப்பிக்கொட்டை வறுத்தலில் தொடங்கிப் பொரிதலில் முடிகிறது எனலாம்.

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை ஈரம் இருக்கும். வெப்பம் ஏற ஏற ஈரம் நீங்கி, பச்சை நிறம் மஞ்சளாகிப் பின்னர்ப் பழுப்பாகும். வெப்பநிலை ஏறத்தாழ 200 பாகை செல்சியசை எட்டும்போது, உள்ளே அடைபட்ட நீராவியும் வளியும் கொட்டையைப் பிளக்கும். நெற்பொரி வெடிப்பது போன்ற அவ்வோசையே முதல் வெடிப்பு எனப்படும். ஏறத்தாழ 225 பாகையில், அதனினும் மெல்லியதாய் இரண்டாம் வெடிப்பு எழும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களிலேயே சுவை பெரிதும் உருவாகிறது. சற்று முன்னரே நிறுத்தினால் புளிப்பு மிகும். சற்றுப் பிந்தினால் கசப்பு மிகும். மேலும் பிந்தினால் கரியே எஞ்சும். எனவே வறுப்பவர்க்கு வேண்டுவன கண், மூக்கு, செவி ஆகிய மூன்றும், கலத்தை இறக்கும் காலம் அறிதலும் ஆகும்.

தட்டிலிருந்து உருளைக்கு

காப்பியின் தாயகமான எத்தியோப்பியாவில், விருந்தினர் கண்முன்னே பெண்கள் கொட்டையை இருப்புத் தட்டில் வறுக்கும் மரபு இன்றும் நிலவுகிறது. வறுபட்டு எழும் மணம் முதற்கண் விருந்தினர்க்கு அளிக்கப்படும். அதன் பின்னரே கொட்டையை இடித்து, செபெனா எனும் மண்குடுவையில் காய்ச்சி, மும்முறை ஊற்றி வழங்குவர். அங்கு வறுத்தல் விருந்தோம்பலின் ஓர் உறுப்பாகவே அமைந்துள்ளது.

தட்டில் வறுப்பதில் ஒரு குறை உண்டு. அடிப்பக்கம் கருகும், மேற்பக்கம் வேகாது. கை ஓயாமல் கிளறினாலன்றிக் கொட்டை ஒருசீராக வறுபடாது. இக்குறையைப் போக்க எழுந்ததே உருளை. மூடிய உலோக உருளைக்குள் கொட்டையை இட்டு, கைப்பிடியால் நெருப்பின்மேல் சுழற்றினால், ஒவ்வொரு கொட்டையும் புரண்டு புரண்டு சூடேறும். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தகைய உருளைகள் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கத் தொடங்கின. இன்றைய மின்சாரக் கருவியின் அடிப்படையும் இதுவே ஆகும்.

மணத்தைத் தேடிய அரசு

வீட்டில் எழும் வறுப்பு மணத்திற்கு ஓர் அரசு அஞ்சிய வரலாறும் உண்டு. பிரசிய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் ஆட்சியில், காப்பி வாங்குவதற்காக நாட்டின் பொருள் வெளிநாடுகளுக்குச் செல்வது பெருங்குறையாகக் கருதப்பட்டது. 1781ஆம் ஆண்டில் காப்பி வறுக்கும் உரிமையை அரசு தனதாக்கிக் கொண்டது. உயர்குடியினர், சமயத் தலைவர், அலுவலர் முதலியோர் உரிமச்சீட்டுப் பெற்று வறுக்கலாம். ஏனையோர் அரசு வறுத்து விற்பதை மிகுந்த விலைக்கு வாங்குதல் வேண்டும். பச்சைக் கொட்டையை மறைவாக வறுப்போரைக் கண்டறியப் போரில் ஊனமுற்ற பழைய படைவீரர் ஏறத்தாழ நானூற்றுவர் அமர்த்தப்பட்டனர். தெருத்தெருவாகச் சென்று மணத்தை முகர்ந்து, எவ்வீட்டில் வறுக்கிறார்கள் என்று காண்பதே அவர்தம் பணி. மக்கள் அவர்களைக் 'காப்பி முகர்வோர்' என்றே அழைத்தனர். ஏழையர் சிக்கரி வேரை வறுத்துப் பருகலாயினர். 1786இல் மன்னர் மறைந்த பின்னர் இவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சி நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் அது உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. வறுத்தல் எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே காப்பியின் விலையும் சுவையும் இருக்கின்றன.

அடுக்களையிலிருந்து ஆலைக்கு

அரசாணையால் நிலைபெறாத மாற்றத்தைப் பொறியும் வணிகமும் நிலைபெறச் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் குடும்பங்களிற் பெரும்பாலானவை பச்சைக் கொட்டையையே வாங்கி வீட்டில் வறுத்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வடபகுதிப் படையினரின் நூறு பேருக்கான ஒருநாள் உணவுப்படியில் பச்சைக் கொட்டையாயின் 10 பவுண்டு, வறுத்ததாயின் 8 பவுண்டு என வகுத்திருந்தனர். வறுக்கும்போது எடை குறையும் என்பதை அரசின் கணக்கும் அறிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆலைகளில் இருந்த பெரிய உருளைகளுக்கு அக்காலத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வறுபட்ட கொட்டையைக் கொட்டுவதற்கு, கொதிக்கும் உருளையையே உலையிலிருந்து வெளியே இழுத்தல் வேண்டும். பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் கார்ட்டர் 1846இல் உரிமம் பெற்ற உருளை இவ்வகையினதே. 1864இல் நியூயார்க் நகரத்து ஜேபெஸ் பர்ன்ஸ் இவ்விடரைத் தீர்த்தார். அவர் அமைத்த உருளையின் உட்புறத்தே திருகுசுருளாய் அமைந்த தகடுகள் கொட்டையை முன்னும் பின்னும் தள்ளி ஒருசீராகக் கலக்கும். கதவைத் திறந்தால், உருளை நெருப்பின்மேல் சுழன்றுகொண்டிருக்கும்போதே கொட்டை தானே வெளியேறும். செருமனியின் எம்மெரிக் நகரிலும் வறுப்புப்பொறி செய்யும் தொழிலகம் ஒன்று 1868இல் தோன்றிற்று. அதே காலத்தில் பிட்சுபர்க் நகரத்து ஆர்பக்கிள் உடன்பிறந்தார், வறுத்த கொட்டையைக் காகிதப் பைகளில் அடைத்து விற்றனர். மணம் போகாதிருக்கக் கொட்டையின்மேல் சர்க்கரையும் முட்டையும் கலந்து பூசும் முறைக்கு 1868இல் உரிமமும் பெற்றனர்.

ஆலைக் காப்பி வென்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புகையும் உழைப்பும் வீட்டாரை விட்டு நீங்கின. ஒவ்வொரு நாளும் ஒரே சுவை கிட்டிற்று. ஆயினும் இழந்தது ஒன்றுண்டு. பச்சைக் கொட்டை பல திங்கள் கெடாதிருக்கும். வறுத்த கொட்டையோ சில வாரங்களில் மணம் குன்றும். தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வறுக்கும் வீட்டு வழக்கம் இவ்வியல்பை அறிந்து எழுந்தது. அவ்வழக்கம் மறைந்தபோது, எப்பொழுது கலத்தை இறக்குவது என்னும் அறிவும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லாமல் நின்றுபோயிற்று.

நம் முன்னோரும் பச்சைக் கொட்டையும்

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் இடமுண்டு. இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களைத் திறந்தவர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரே. 1869இல் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் காப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மலாயாவிலும் இரப்பருக்கு முன்னர்க் காப்பியே தோட்டப்பயிராக விளங்கிற்று. 1890களில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பேராக் முதலிய மாநிலங்களில் லைபீரியக் காப்பி பயிரிடப்பட்டது. பிரேசிலின் மிகுவிளைச்சலால் விலை வீழ்ந்தது. புழுக்களும் இலைகளைத் தின்றன. தோட்டக்காரர் இரப்பருக்கு மாறினர். ஆகவே, இரப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழர்க்கு முன்னர், காப்பிச் செடியில் பழம் பறித்த தமிழர் இம்மண்ணில் இருந்தனர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர்கள் பறித்த பழம் ஏற்றுமதிக்காகப் பச்சைக் கொட்டையாகவே கப்பலேறிற்று. விளைத்தவர் ஓரிடம், வறுத்தவர் வேறிடம்.

தமிழகத்திலோ 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பானமாயிற்று. அக்குடும்பங்கள் பலவற்றில் பச்சைக் கொட்டையை வாங்கி, கரியடுப்பின்மேல் கையால் சுழற்றும் சிறிய உருளையில் வறுத்து, கைப்பொறியில் அரைத்து வடிகட்டும் வழக்கம் இருந்தது. மலாயாவில் ஹைனானியச் சீனரின் காப்பிக்கடைகள் வேறொரு மரபை வளர்த்தன. வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கொட்டையைக் கருநிறமாக்குவது அம்மரபு. தோட்டத் தொழிலாளர் விடியலில் பெரட்டுக்குச் செல்லுமுன் பருகிய வரக்காப்பியும் பெரும்பாலும் இவ்வகைத் தூளிலிருந்து பிறந்ததே.

எனினும் லயத்து வீடுகளில் வறுத்தல் அறவே இல்லாமற் போகவில்லை. என் பாட்டியார் வீட்டின் பின்புறம் வேலியோரம் நின்ற இரண்டு காப்பிச் செடிகளின் கொட்டையை உலர்த்தி, விறகடுப்பில் வாணலியில் வறுப்பார். முதுமையில் அவர் கண்கள் மங்கியிருந்தன. ஆயினும் ஒருமுறையும் கருகவிட்டதில்லை. "சத்தம் நின்ன பொறவு நூறு எண்ணு, எறக்கிடு" என்பார். அவர் கூறிய சத்தம் முதல் வெடிப்பே என்பதை நான் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

மின்சார உருளை

1970களுக்குப் பின்னர் அமெரிக்காவில் காப்பி ஆர்வலர் சிலர் மீண்டும் வீட்டில் வறுக்கத் தலைப்பட்டனர். மக்காச்சோளப் பொரி செய்யும் வெப்பக்காற்றுக் கருவியையே அவர்களுட் பலர் முதலில் பயன்படுத்தினர். 1996இல் கென்னத் டேவிட்ஸ் வீட்டு வறுத்தலைப் பற்றித் தனிநூலே எழுதினார். 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற்குள், வீட்டு மேசையில் வைக்கத்தக்க மின்சார உருளைகள் விற்பனைக்கு வந்தன. தைவானின் ஹாட்டாப் ஒரு முறைக்குக் கால் கிலோ அளவும், அமெரிக்கரின் பெஹ்மோர் ஒரு பவுண்டு வரையும் வறுப்பன.

இவற்றில் கைப்பிடிக்கு மாற்றாக மின்பொறி உருளையைச் சுழற்றுகிறது. கரிக்கு மாற்றாக மின்தண்டுகள் வெப்பம் தருகின்றன. உட்புறத் தகடுகள் கொட்டையைத் தூக்கிப் புரட்டுகின்றன. உதிரும் மெல்லிய தோலைத் தட்டொன்று தாங்குகிறது; முடிவில் விசிறி கொட்டையைக் குளிர்விக்கிறது. ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் வேலை முடியும். ஆயினும் வெப்பத்தை அணைத்த நொடியிலேயே வறுத்தல் நின்றுவிடுவதில்லை. உருளையிலும் கொட்டையிலும் தங்கிய சூடு மேலும் சிறிது நேரம் தொழிற்படும். ஆதலின் விரும்பிய நிறம் வருவதற்குச் சற்று முன்னரே நிறுத்துதல் வேண்டும். அருகிலிருந்து அகலுதலும் கூடாது; உதிர்ந்த தோல் தீப்பற்றக்கூடும்.

நானும் இத்தகைய உருளை ஒன்றை அடுக்குமாடி வீட்டில் வைத்திருக்கிறேன். அதிலுள்ள கடிகாரத்தை நம்பி வறுத்த முதல் மூன்று முறையும் கொட்டை கரிந்தது. நான்காம் முறை கடிகாரத்தை விடுத்துச் செவியை நம்பினேன். பாட்டியாரின் நூறு எண்ணிக்கை அங்கே துணை நின்றது. வாணலிக்கும் உருளைக்கும் அவ்வெண்ணிக்கை முற்றும் ஒத்துவரவில்லை. எண்பதில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆயினும் ஓசை கேட்டு எண்ணும் முறை அவருடையதே.

முடிவுரை

கருவி மீண்டுள்ளது, அறிவு தானே மீளவில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது. பொறி சுழற்றும், சூடேற்றும், குளிர்விக்கும். போதும் என்று சொல்ல மனிதர் வேண்டும். அவ்வாறு சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறையினர் பலர் நம் வீடுகளில் முதியோராய் உள்ளனர். அவர்கள் எக்கலத்தில் வறுத்தனர், எவ்விறகை எரித்தனர், எவ்வடையாளம் கண்டு இறக்கினர் என்பவை எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தோட்டங்கள் மறைந்து லயங்கள் இடிபட்ட இக்காலத்தில், இவற்றைக் கேட்டு எழுதிவைப்பது தமிழாசிரியரும் மாணவரும் எளிதில் செய்யத்தக்க வரலாற்றுப் பணியாகும். அடுத்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் இவ்வொரு வினாவைக் கேட்பாராக: "காப்பிக்கொட்டையை எப்பொழுது இறக்குவீர்கள்?"